தொட்டில் சுமந்தவர்கள்



மாசி இருபது வந்தால் நாம் எல்லோரும் நாகர்கோவிலில் இருந்து சுவாமிதோப்புக்கு நடந்து போகிறோம். தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, காவிக்கொடி பிடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். கொல்லம் ஆண்டு 1008, அதாவது 1833, மாசி மாதத்தில் அய்யா திருச்செந்தூர்க் கடலில் இருந்து வைகுண்டராக வெளிப்பட்டதைக் கொண்டாடுகிறோம். அந்த நாளின் பெருமையை ஏடு வாசிக்கும்போது கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம்.

ஆனால் அதற்கு முந்திய நாட்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தச் சரீரம் நோயில் கிடந்தது. இருபத்து நான்கு வயது. எழுந்து நடக்க முடியவில்லை. வெயிலாள் அம்மைக்குக் கனவில் கட்டளை வருகிறது, மகனைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டு வா என்று. அம்மையும் திருமாலம்மாளும் உறவினர்களும் தொட்டில் கட்டி அவரைத் தோளில் சுமந்து நடந்தார்கள். தாமரைகுளத்துப் பக்கம் இருந்து திருச்செந்தூருக்கு இன்று பஸ்ஸில் போனாலே உட்கார்ந்து இடுப்பு வலிக்கும். அன்று மணலும் வெயிலும். கூடங்குளத்தில் சாப்பாட்டுக்கு இறக்கி வைத்த இடத்தில், அதுவரை நடக்காதவர் எழுந்து நடந்தார் என்று அறிந்திருக்கிறோம்.

கூடங்குளம் வரைக்கும் சுமந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எழுந்து நடப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த ஊருக்கு உயிரோடு போய்ச் சேருவாரா என்பதே தெரியாது. தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். அவர்கள் பெயர் நம்மிடம் இல்லை.

இந்தச் சுமந்தவர்களைப் பற்றி இவ்வளவு வருஷமாகத் தாங்கலில் பணிவிடை செய்த எனக்கு ஒரு நினைப்பும் இருந்ததில்லை. என் தம்பி விழுந்த பிறகுதான் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தச் சிறு பிரசுரத்தில் இடம் கேட்டேன்.

2018 ஆடி மாதம் ஒரு சாயங்காலம். தம்பி மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை. இடது காதுக்கு மேலே மட்டும் வீக்கம். மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, உடனே திறக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். திறந்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் எடுத்த எலும்பை உடனே திரும்ப வைக்கவில்லை. அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் தலைக்கு மாற்றினார்கள். பதினெட்டு நாள் அவன் கண் திறக்கவில்லை.

அந்தப் பதினெட்டு நாளும் ஊர் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. இதை நன்றியோடுதான் சொல்கிறேன். தாங்கலில் தினமும் அவனுக்காகப் பணிவிடை நடந்தது. பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். (விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. இப்போது உங்களுக்கு இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) கண் திறந்ததும் எல்லோரும் அய்யாவுக்கு நன்றி சொல்லி வீட்டுக்குப் போனோம். பிழைத்துவிட்டான், இனி ஒரு மாதத்தில் எழுந்து நடப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

அங்கேயே நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சுவாமிதோப்புக்குப் போய் முத்திரிக் கிணற்றுத் தண்ணீரும் நாமமும் கொண்டு வந்தேன். தம்பி படுத்திருந்தான், மூக்கில் குழாய் இருந்தது. நர்ஸ் பார்க்காத நேரத்தில் ஒரு ஸ்பூன் பதம் வாயில் விட்டேன். அவன் இருமி இருமி முகம் நீலமாகிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து தலையைத் தூக்கி உறிஞ்சி எடுத்தார். மூளையில் அடிபட்டவர்களுக்கு விழுங்குவது சரியாக நடக்காது, வாயில் விட்ட தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும், உட்கார வைத்துக் கெட்டியான ஆகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிய பிறகுதான் தண்ணீர் என்று திட்டினார். வேறு மதத்துப் பெண்தான் அவர். கடைசியில், “நெற்றியில் போடுங்க, வாயில் விடாதீங்க” என்றார். அன்று முதல் தினமும் அவரே ஞாபகப்படுத்தி நாமம் இட வைத்தார். நான் தாங்கலில் எத்தனையோ பேருக்கு நாமம் இட்டவன். அதற்கான இடம் நெற்றி என்பதை அந்தப் பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டேன்.

புரட்டாசியில் வீட்டுக்கு வந்தான். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் இல்லை. நாம் சொல்வது பாதி புரியும், அவனுக்குச் சொல்ல வார்த்தை கிடைக்காது. சோற்றைக் காட்டி “வண்டி” என்பான். தப்பு என்று அவனுக்கே தெரியும், முகம் சிவக்கும், தட்டை எறிவான். முன்பு பிள்ளைகளை ஒரு அதட்டல் கூடப் போடாதவன். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதிதான் கோபத்துக்குப் பிரேக், அதில் அடிபட்டால் பிரேக் பிடிக்காது, அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று மருத்துவர் விளக்கினார். காலையில் என்ன சாப்பிட்டான் என்பது மத்தியானம் நினைவில் இருக்காது. பதினைந்து வயதில் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயரை நாங்கள் சொன்னால் தலையாட்டுவான். பழையது இருக்கும், புதியது ஒட்டாது. கூட்டம், சத்தம், டியூப்லைட் வெளிச்சம் எதுவும் ஆகாது. அரை மணி நேரம் ஆள் வந்து பேசினால் அன்று முழுவதும் உறங்கி விழுவான். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. “கை காலை அசைச்சாத்தானே சரியாகும், எப்பவும் உறக்கம்” என்று சொன்னார்கள். உடைந்த எலும்பு கூடும்போது வெளியே மாவுக்கட்டு தெரியும். மூளைக்கு அப்படி ஒரு கட்டு இல்லாததால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் அம்மைக்கு அப்போது எண்பது வயது. ஒரு நாள் திண்ணையில் என்னைக் கூப்பிட்டு, “மக்கா, இது எம் பிள்ளை இல்லைலே. மொகம் அவன் மொகம்தான். உள்ள வேற ஆளு” என்று அழுதாள். நான் கோபப்பட்டேன். பிறகு ராத்திரி முழுவதும் யோசித்தேன். கடலுக்குள் போன மகனுக்காக மூன்று நாள் கரையில் காத்திருந்த வெயிலாள் அம்மை, அவர் வெளிவந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனாள். நான் இனி உன் மகன் இல்லை, நாராயணர் மகன் என்ற பதில்தானே கிடைத்தது. அய்யாவோடு என் தம்பியை ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான் அந்தத் தாயைச் சொல்கிறேன். பழைய மகனை மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள், வந்தவரை வந்தபடி ஏற்க வேண்டியிருந்தது. ஏற்பதற்கு எவ்வளவு அழுதிருப்பாள்! என் அம்மை அழுததற்கு நான் கோபப்பட்டிருக்கக் கூடாது. உயிரோடு இருப்பவனுக்காக இப்படி அழுவதை ஊர் ஒத்துக்கொள்வதில்லை. “அதான் பிழைச்சிட்டானே” என்று வாயை மூடிவிடுகிறோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து ஐந்தாறு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து வழக்கம்போல் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் நெற்றியில் நாமம் இட்டேன். தம்பி மனைவியிடம், “கவலைப்படாதே மக்களே, எல்லாம் அய்யா பாத்துக்கிடுவாரு” என்று சொல்லிப் புறப்பட்டேன். நான் ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் சொல்வேன். அன்று அவள் நடைவாசலில் நின்று சொன்னாள்: “அய்யா பாத்துக்கிடுவாரு, சரிதான் அத்தான். நான் நம்புதேன். ஆனா ராத்திரி மூணு மணிக்கு இவரைப் பிடிச்சுக் கக்கூசுக்குக் கொண்டு போக அய்யா இன்னும் ஆளு அனுப்பலையே.”

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் இல்லை என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மெலிந்து பாதியாகியிருந்தாள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் ஒற்றையாக, எழுபது கிலோ ஆளை, ராத்திரி நான்கு முறை. பகலில் பீடி சுற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி. இத்தனை மாதத்தில் அவள் ஒரு முழு இரவு உறங்கவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று எல்லோரும் அவளிடம் கேட்டோம். நான் தாங்கலில் தினமும் விளக்குக்கு எண்ணெய் விடுகிறவன். பக்கத்துத் தெருவில் ஒரு விளக்கு எண்ணெய் இல்லாமல் எரிவது என் கண்ணில் படவில்லை.

அன்றுதான் தொட்டில் நினைவுக்கு வந்தது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதுதான் தர்மம் என்று அய்யா போதித்ததைக் கேட்காத தாங்கல் உண்டா? நம் தாங்கலுக்குத் தாங்கல் என்று ஏன் பெயர்? தாங்குவதற்குத்தானே. வெயிலாள் அம்மை ஒருத்தியாக அந்தத் தொட்டிலைச் சுமக்க முடியுமா? துவையல் தவசுக்குப் போனபோதும் எழுநூறு குடும்பங்கள் சேர்ந்துதான் வாகைப்பதிக்குப் போனார்கள். எந்த வீட்டையும் தனியாகத் தவசு இருக்க அய்யா அனுப்பவில்லை.

அடுத்த ஞாயிறு படிப்பு முடிந்ததும் தாங்கலிலேயே எழுந்து சொன்னேன். ராத்திரிக்கு ஆள் வேண்டும், ஆண்கள் நான்கு பேர், வாரம் ஒரு ராத்திரி என்று. எனக்கும் சேர்த்து ஐந்து பேர் ஆனோம். ஆஸ்பத்திரியில் இயன்முறை மருத்துவரிடம் போய், ஆளைத் தூக்குவது எப்படி, கக்கத்தில் கை கொடுத்து இழுக்காமல் (வராத கையின் தோள் மூட்டு நழுவிவிடும்) புரட்டுவது எப்படி என்று இரண்டு பேர் கற்றுக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பகலில் இரண்டு மணி நேரம் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள், அவள் உறங்குவதற்காக மட்டும். அந்த நேரத்தில் அவள் துணி துவைக்கப் போனால் சண்டை போட்டு உறங்க வைத்தார்கள். ஒருவர் மூன்று ராத்திரி வந்துவிட்டுப் பிறகு வரவில்லை. தம்பி அவரை அடித்துவிட்டான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் எல்லாத் தோளும் வராது. அவர் பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. தம்பிக்கு வலிப்பு வராமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். 2019-இல் உறவுக்காரர் ஒருவர், இது செய்வினை, ஒரு கோழி அறுத்தால் சரியாகும், அதுவரை இங்கிலீஷ் மாத்திரை ஆகாது என்று சொல்லி அவள் மனதைக் கலைத்துவிட்டார். ஒரு வாரம் மாத்திரை நிறுத்தினார்கள். எட்டாம் நாள் கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரி. மக்களே, ஆடு கோழி பலி வேண்டாம், பேய்க்குப் பயப்படாதே என்று அய்யா நம் முன்னோர்களுக்குச் சொல்லி இருநூறு வருஷம் ஆகப் போகிறது. பேயை எரித்த வழியில் வந்தவர்கள் நோய் வந்தவுடன் பேயைத் திரும்பத் தேடிப் போகலாமா? பதமும் நாமமும் இருக்க மருந்து எதற்கு என்று கேட்கிற அன்பர்களும் உண்டு. அவர்கள் நம்பிக்கை பெரிது. ஆனாலும் என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன்: மருத்துவனுக்கு அறிவு கொடுத்ததும் அய்யாதானே. தலை நோயாளிக்கு வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒரு நேரமும் நிறுத்தாதீர்கள். சாராயம் ஒரு சொட்டும் கூடாது. இன்னொரு முறை தலையில் அடிபடவும் கூடாது.

அந்த வருஷம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தம்பி விழுவதற்கு முன் எங்கள் தாங்கலில் உகப்படிப்புக்கு முன்சொல்கிறவன். சிறு வயதில் இருந்தே சொல்லி வந்தவன். அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து, கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை மாலை தாங்கலுக்குக் கொண்டு வந்தோம். ஆறேழு பேர்தான். ஒருவர் முன்சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னோம். நாலாவது வரியோ ஐந்தாவது வரியோ, அவன் உதடு அசைந்தது. பிறகு சத்தம் வந்தது. “தண்ணி” என்று கேட்க வராதவன், படிப்பு முழுவதையும் வார்த்தை விடாமல் எங்களோடு சேர்ந்து சொன்னான். முன்சொன்னவருக்குத் தொண்டை அடைத்து நிறுத்திவிட்டார். தம்பி நிறுத்தவில்லை.

மறுநாளே ஊர் எல்லாம் அற்புதம் என்று பரவிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்பட்டார். பேச்சு போனவர்களுக்கும் பாட்டும், சின்ன வயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனையும் பலருக்கு மிஞ்சி இருக்கும், மூளையில் அவை வேறு வழியாகவும் வருகின்றன, அந்த வழியாகவே பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொண்டு வரலாம் என்றார். தாளம் தட்டி, ராகம் போட்டு, “தண்ணி வேணும்” என்று சொல்லப் பழக்கினார். சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது, அற்புதத்தை டாக்டர்கள் குறைத்துவிட்டார்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது வருஷம் அந்தியும் சந்தியும் சொன்னது எந்தக் காற்றும் அடிக்காத ஒரு மூலையில் பத்திரமாக இருந்திருக்கிறது. பிள்ளைகளைப் படிப்புக்குக் கூட்டி வாருங்கள் என்று நான் இப்போது கெஞ்சிக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அந்த அற்புதமே எங்களைத் தப்பு செய்ய வைத்தது. 2020-இல் ஊரடங்கு வந்து பயிற்சி எல்லாம் நின்றுபோனது, தாங்கலும் பூட்டியது. அவன் கொஞ்சம் பின்னுக்குப் போனான். அடுத்த வருஷம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு வீட்டுக்கே ஆள் வந்து கை கால் பயிற்சி கொடுத்தார்கள். கோல் பிடித்து நடந்தான். அந்தக் கார்த்திகையில் திருஏடு வாசிப்பு. நான்தான் ஆசைப்பட்டேன். படிப்பு சொல்கிறானே, ஏடும் வாசிப்பான், ஊர் பார்க்கட்டும், அய்யாவின் மகிமை தெரியட்டும் என்று. தம்பி மனைவி வேண்டாம் என்றாள். பயிற்சி கொடுப்பவர்களிடம் நான் கேட்கவே இல்லை. தலைப்பாகை கட்டி, மைக் முன்னால் உட்கார வைத்து, ஏட்டை விரித்துக் கொடுத்தேன்.

மனப்பாடம் வேறு, எழுத்தைப் பார்த்து வாசிப்பது வேறு. அவன் கண் எழுத்தில் ஓடியது, வாய் வரவில்லை. முந்நூறு பேர், டியூப்லைட், மைக்கின் இரைச்சல். ஒரு சொல் தப்பாக வந்தது. யாரோ சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்தான். பிறகு கத்தினான். நான் எல்லோர் முன்னாலும், “ஏட்டு முன்னால இப்படியாலே செய்வே?” என்று அவனை அதட்டிவிட்டேன். ஆறு மாதம் அவன் தாங்கல் வாசல் மிதிக்கவில்லை. என்னோடும் பேசவில்லை. அந்த ஆறு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. அய்யாவின் மகிமைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் தம்பி குணமாகிவிட்டான் என்று ஊர் சொல்ல வேண்டும், எனக்கு அது முடிய வேண்டும். சுமந்து தோள் வலித்தது, கூடங்குளம் வந்துவிட்டது என்று நானே தொட்டிலை இறக்கி வைத்துவிட்டேன்.

அய்யாவின் தவத்தை எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு வருஷம் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு வருஷம் தரையில். அதற்கடுத்த இரண்டு வருஷம் பீடத்தில். நினைத்த மாத்திரத்தில் கலியை அழிக்க வல்லவர் ஏன் ஆறு வருஷம் எடுத்தார் என்று பெரியவர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, குழியில் இருந்து நேரே பீடத்துக்கு அவர் ஏறவில்லை என்பது. நடுவில் தரையில் இருக்கிற காலம் ஒன்று உண்டு. குழியில் கிடந்தபோது பார்க்க வந்த கூட்டம், பீடத்துக்கு வரும், தரையில் இருக்கிறபோதுதான் யாரும் வருவதில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு அந்த நடுக்காலம்தான் நீளமானது. முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறுவார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தேறுவார்கள், ஆனால் நெல் விளைகிற மாதிரி, நின்று பார்த்தால் தெரியாது. பழையபடி முழுதாக ஆகாமலும் போகலாம். என் தம்பி ஆகவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை அல்ல. கேட்டதை அவன் மறந்துவிடுவான், கோபம் மட்டும் எங்கோ நின்றுவிடும். அதனால் நேரில் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்போம், பதிலுக்குக் காத்திருப்போம், அவன் வாயில் இருந்து பிடுங்கி நாமே சொல்லிவிட மாட்டோம். கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் கொஞ்ச நேரம் முற்றத்துக்கு வந்துவிடுவோம். அன்றன்றைய காரியங்களை எழுத ஒரு நோட்டு அவன் தலைமாட்டில் இருக்கிறது. பொறுமையைப் பற்றி நான் தாங்கலில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். “ம்... ம்...” என்று ஒரு சொல்லைத் தேடுகிறவன் முன்னால் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள், அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

இப்போது அவன் வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில், ஆள் வருவதற்கு முன் தாங்கலுக்கு வருகிறான். இடது கையால் முற்றம் தூத்து வாருகிறான். தலைப்பாகையை அவனே கட்டுகிறான், இருபது நிமிஷம் ஆகும். யாரும் உதவிக்குப் போவதில்லை. ஏடு வாசிக்கவில்லை. ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கியாயிற்று. அதை வாங்கினால் மகன் ஊனம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று அம்மை மூன்று வருஷம் விடவில்லை. நீங்கள் அப்படித் தாமதிக்க வேண்டாம். தம்பி மனைவி ஐந்து வருஷம் கழித்து ஒரு திருநாளுக்குச் சுவாமிதோப்பில் ஒரு ராத்திரி தங்கி வந்தாள். தர்மம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக உறங்கினேன் அத்தான் என்று சொன்னாள்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் பக்கத்து ஊரில் இருந்து ஒரு பையனை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டு வந்திருக்கிறார்கள். பத்தொன்பது வயது, பைக்தான், தலைதான். தாயும் ஒரு தங்கையும் மட்டும் வீட்டில். பதினைந்து நாள் ஊரே வந்து பார்த்தது, இனி வராது. தாங்கலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளக்குத் திரி வைக்கிற பெட்டி மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ராத்திரிக்கு ஆண்கள், பகல் இரண்டு மணி நேரத்துக்குப் பெண்கள் என்று கோடு போட்டிருக்கிறது. தூக்குவதற்கும் புரட்டுவதற்கும் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்து நாங்கள் சொல்லித் தருகிறோம். தம்பியிடம் விஷயத்தைச் சொன்னபோது நோட்டை வாங்கி வியாழக்கிழமைக்கு நேரே இடது கையால் ஏதோ எழுதினான். அவன் எழுத்து எனக்கு இன்னும் முழுதாகப் படிக்க வராது. அவனால் ஆளைத் தூக்க முடியாது. போய்ச் சும்மா பக்கத்தில் உட்காருகிறான். அந்தப் பையன் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் தாயார் சொன்னாள்.

செவ்வாய், வெள்ளி இரண்டு ராத்திரிக்கு இன்னும் பெயர் இல்லை.

அய்யா உண்டு.